கழுத்துக் கறுத்து, நெற்கதிர் வெளுக்கிறது. இனி என்ன செய்யலாம்?

கேள்வி: நவகிரிப் பிள்ளை (வெல்லாவெளி)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருசமாக இங்கே வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

வயல் அப்பாவினுடையது. 3 ஏக்கர், 5 வரவை (வரம்பு கட்டிப் பிரித்த துண்டு), நவகிரிக் குளத்துத் தண்ணீர். கார்த்திகை தொடக்கத்தில் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு மெல்லத் திரும்புகிறது, நடை இன்னும் வரவில்லை. அதனால் இந்தப் பெரும்போகத்தில் விதைப்புக்குப் பிறகு எல்லாம் என் கையில்தான். காலையில் பாலர் பாடசாலைக்குப் போகமுன் ஒரு தடவை வயலுக்குப் போவேன், பின்னேரம் இன்னொரு தடவை.

நெல் இனம் பிஜி 94-1. கீழே உள்ள 3 வரவையும் ஐப்பசி தொடக்கத்தில், அப்பா நன்றாக இருந்தபோதே விதைத்தது. மேலே உள்ள 2 வரவைக்கு விதைநெல் போதாமல் 12 நாள் பிந்தி விதைத்தோம்.

2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் கீழ் வரவை மூன்றும் 4 நாள் தண்ணீருக்குள் கிடந்தன. அப்போது பயிருக்கு 40 நாள். தண்ணீர் வடிந்த பிறகு பயிர் தப்பிவிட்டது, ஆனால் மஞ்சளித்துச் சோர்ந்து நின்றது. பார்க்க மனம் கேட்கவில்லை. யூரியா போட்டால் எழும்பிவிடும் என்று பக்கத்து வயல்காரர் சொன்னார், போட்டேன். ஒரு கிழமையில் கரும்பச்சையாக எழும்பியது. அந்தப் பச்சையைக் கண்ட சந்தோசத்தில் 10 நாள் கழித்து இன்னும் ஒரு மூடை வாங்கி அந்த 3 வரவைக்குமே வீசினேன். படம் எடுத்துக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "கூடிப்போச்சு" என்று மட்டும் சொன்னார். அந்த நாட்களில் ஒரு சொல் சொல்வதே அவருக்குப் பெரிய பாடு. எது கூடிப்போச்சு என்று நான் கேட்கவில்லை.

மார்கழி பிறந்ததும் இலையில் புள்ளிகள் வந்தன. கண் மாதிரி, இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பல் நிறம், ஓரம் கபிலம். வெள்ளத்தில் அடிபட்ட இலைதானே, புது இலை வந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். பிறகு பனி தொடங்கியது. எட்டரை மணிக்கும் வரம்பில் நடந்தால் இடுப்புக்குக் கீழே உடுப்பு பிழிகிற அளவுக்கு நனைந்துவிடும்.

டிசம்பர் கடைசிக் கிழமையில் கீழ் வரவையில் கதிர் பறிந்தது (வெளியே வந்தது). ஒரு கிழமைதான். பச்சைக் கதிர்களுக்கு நடுவே வெள்ளைக் கதிர்கள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கின. முதல் நாள் அங்கொன்றும் இங்கொன்றும். மூன்றாம் நாள் வரம்பில் நின்று பார்க்கும்போதே வெள்ளை தெரிந்தது. ஒரு கதிரைப் பிடுங்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். தண்டு துளைப்பான் என்று சொல்லி ஒரு பூச்சி எண்ணெய் தந்தார்கள். கூலிக்கு ஆள் பிடித்து அடித்தோம், எல்லாமாக எட்டாயிரத்துக்கு மேல் போய்விட்டது. அடித்து 4 நாள் ஆகிறது, வெள்ளை கூடிக்கொண்டே போகிறது. நேற்று கதிர்களைக் கிட்ட வைத்துப் பார்த்தபோதுதான் கதிருக்குக் கீழே, கழுத்து மாதிரி இருக்கும் அந்தக் கணுவில் ஒரு கறுப்பு வளையம் கண்டேன்.

மேல் வரவை இரண்டும் இன்னும் குடலையில் (கதிர் தண்டுக்குள் இருக்கும் பருவத்தில்) நிற்கின்றன. ஒரு பத்துக் கதிர் இன்றைக்குத்தான் எட்டிப் பார்க்கிறது.

நான் கேட்பது இதுதான். இது என்ன வருத்தம்? கீழ் வரவைக்கு இனி ஏதும் அடித்தால் பலன் உண்டா? மேல் வரவையாவது தப்புமா? பொங்கலுக்கு இன்னும் 4 நாள். அப்பா ஒவ்வொரு நாளும் கதிர் எப்படி என்று கேட்கிறார். நல்லா இருக்கு என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதில்: வட்டைக்காரன் (சம்மாந்துறை)

தங்கச்சி, முதலில் ஒரு வேலை செய்யுங்க. நாளைக் காலையில் வயலுக்குள் இறங்கி, வெள்ளையான கதிரை நுனியில் பிடித்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்க. சுகமாக உருவிக்கொண்டு வந்து, அடியில் அரித்த அடையாளம் இருந்தால் அது தண்டு துளைப்பான். புழு உள்ளே இருந்து தின்று அறுத்திருக்கும், அதனால்தான் உருவிக்கொண்டு வரும். இழுத்தாலும் வராமல், கழுத்தடியில் கறுத்து, அந்த இடத்தில் முறிந்து தொங்கினால் அது எரிபந்தம். இந்தியாக்காரர் எழுதுவதில் குலைநோய் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். இலையில் கண் மாதிரிப் புள்ளி என்று நீங்கள் எழுதியதை வாசித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் இழுத்துப் பாருங்க. ஒரே வயலில் இரண்டும் இருக்கும். ஒரு கதிரைப் பார்த்து முடிவு கட்டாமல் 50 கதிராவது இழுக்க வேண்டும்.

கடைக்காரர் மீது மட்டும் கோபப்பட வேண்டாம். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளைதான். எனக்கும் இது நடந்திருக்கிறது. எங்கட வட்டையில் ஆற்றோரமாக எனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது, கரை நெடுக மருதமரம். அந்த நிழலுக்குள் பத்து மணி மட்டும் பனி காயாது. ஒரு வருசம் நிழலுக்குள் நின்ற பயிர் மட்டும் வெளுத்தது, வெயிலில் நின்றது ஒன்றும் ஆகவில்லை. புழு என்று நினைத்து இரண்டு தரம் எண்ணெய் அடித்தேன். புழுவுக்கு நிழல் தெரியுமா வெயில் தெரியுமா என்று வாப்பா கேட்டார். அவர் கேட்ட பிறகுதான் மரத்தையும் பனியையும் யோசித்தேன். இப்போது அந்தத் துண்டுக்கு யூரியா பாதிதான் போடுவேன், அதையும் மூன்று தரமாகப் பிரித்து.

உங்கட அப்பா சொன்னது யூரியாவைத்தான். அவருக்குப் படத்தைப் பார்த்தே தெரிந்திருக்கிறது. பொய் சொல்ல வேண்டாம் தங்கச்சி. வயல் செய்த மனுசனுக்குக் கதிர் வெளுக்கிறது என்று கேட்பதைவிட, தனக்கு ஒளிக்கிறார்கள் என்பதுதான் பெரிய வருத்தம்.

பதில்: கரடியனாறு 87

அக்கா, எங்கள் பக்கமும் இந்த முறை இருக்கிறது. பங்கசுநாசினி (பூஞ்சை மருந்து), பூச்சி எண்ணெய், இலைப் பசளை மூன்றையும் ஒரே டாங்கியில் கலந்து 3 நாளைக்கு ஒரு தரம் அடியுங்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். நாங்கள் அப்படித்தான் அடிக்கிறோம். நின்றுவிடும் என்று நினைக்கிறேன்.

பதில்: பழைய போதனாசிரியர்

மகள், 31 வருசம் விவசாய போதனாசிரியராக மட்டக்களப்புப் படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கமும் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். மேலே தம்பி சொன்னபடி மூன்றையும் கலந்து அடிக்க வேண்டாம். இலைப் பசளையில் நைதரசன் இருந்தால் இந்தப் பங்கசுக்கு நீங்களே சோறு போடுவதாக முடியும். தம்பி, நீங்களும் நிறுத்துங்கள்.

சம்மாந்துறைக்காரர் சொன்ன இழுத்துப் பார்க்கும் முறை சரியானது. அநேகமாக உங்களுடையது கழுத்து எரிபந்தம்தான். அது எப்படி உள்ளே போகிறது என்று தெரிந்தால், எப்போது மருந்து வேலை செய்யும், எப்போது செய்யாது என்பது தானாக விளங்கும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இலையில் நீங்கள் கண்ட அந்தக் கண் போன்ற புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நாற்றுமேடை. ஒரு புள்ளி ஒரே இரவில் ஆயிரக்கணக்கான வித்திகளை (பங்கசின் விதை போன்றவை) விடும், இரண்டு கிழமை அளவுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் அவை அதிகம் பறக்கின்றன. பறந்துபோய் விழுந்த இடத்தில் பத்து மணித்தியாலம் அளவுக்கு ஈரம் இருந்தால் வித்தி முளைக்கும். முளைத்து, நுனியில் ஒரு சின்னக் குமிழை உண்டாக்கும். அந்தக் குமிழின் சுவரில் கறுப்பு நிறமி படியும். நிறமி படிந்தால்தான் குமிழுக்குள் அழுத்தம் சேரும். எவ்வளவு அழுத்தம் தெரியுமா? கார் ரயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் 40 மடங்கு வரும். அந்த அழுத்தத்தால் ஊசிபோல் ஒன்றை நெல்லின் தோலுக்குள் குத்தி இறக்குகிறது. இலையில் நடந்தால் புள்ளி. கதிர்க் கழுத்தில் நடந்தால் மேலே போகிற தண்ணீரும் சாப்பாடும் நின்றுவிடும். பால் கட்டமுன் நின்றால் முழுக்கதிரும் பதர், பால் கட்டிய பிறகு நின்றால் அரைமணி, அதாவது பாதி மட்டும் நிறைந்த நெல்மணி.

இந்த நோய்க்கு அதிகம் பாவிக்கிற டிரைசைக்ளசோல், பங்கசை நேரே கொல்வதில்லை. அந்தக் கறுப்பு நிறமி உண்டாவதைத் தடுக்கிறது. நிறமி இல்லாவிட்டால் அழுத்தம் சேராது, குத்தி இறங்க முடியாது. ஆகவே வித்தி உள்ளே போகமுன் மருந்து அங்கே இருக்க வேண்டும். கழுத்தில் கறுப்பு வளையம் கண்ட பிறகு அடித்தால், கள்ளன் வீட்டுக்குள் வந்த பிறகு படலையைப் பூட்டுகிற மாதிரி.

அதனால் கீழ் வரவைக்கு இனி ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். அது கஷ்டமான முடிவுதான், ஆனால் அங்கே அடிப்பது நட்டத்தின் மேல் நட்டம். முற்றப்போகிற கதிரில் மருந்து அடித்தால் அந்த மிச்சம் நாம் தின்கிற நெல்லில்தான் இருக்கும்.

மேல் வரவை வேறு கதை. குடலையில் நிற்கிறது, இப்போதுதான் பறியத் தொடங்குகிறது என்கிறீர்கள். அடிக்க வேண்டிய நாள் இதுதான், நாளை என்று வைக்க வேண்டாம். நூறு தண்டில் ஐந்தில் கதிர் எட்டிப் பார்க்கும்போது ஒரு தரம், கதிர் முழுக்கப் பறிந்த பிறகு இன்னொரு தரம். எந்த மருந்து, எந்த அளவு என்பதை உங்கள் பிரிவுப் போதனாசிரியரிடம் கதிரையும் இலையையும் நேரே காட்டிக் கேளுங்கள். போத்தலில் எழுதியிருக்கிற அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். நெற்பூ காலை ஒன்பது மணியில் இருந்து நண்பகல் வரை விரியும், அந்த நேரத்தில் அடிக்கக் கூடாது. பின்னேரம் அடியுங்கள். கழுத்தில் படும்படி மெல்லிய தூறலாக அடிக்க வேண்டும். வக்கடையை (வரம்பில் தண்ணீர் வெளியேறும் வாயை) கட்டி மேல் வரவையில் தண்ணீரை நிறுத்தி வையுங்கள். நிலம் காய்ந்தால் எரிபந்தம் கூடும். ஆனால் இனி ஒரு பிடி யூரியாவும் வேண்டாம்.

இன்னொன்று. கீழ் வரவை காப்புறுதியில் வருமா என்று கமநல சேவை நிலையத்தில் இப்போதே கேளுங்கள். வெட்டின வயலை யாரும் வந்து மதிப்பிட முடியாது.

பதில்: நவகிரிப் பிள்ளை

ஐயா, சம்மாந்துறைக் காக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. இரவு வாசித்துவிட்டுக் காலை ஆறு மணிக்கே போய்விட்டேன்.

கீழ் வரவையில் மூலைக்கு மூலையாக நடந்து 50 வெள்ளைக் கதிர் இழுத்தேன். 7 கதிர் உருவிக்கொண்டு வந்தன. இரண்டின் அடியில் புழுவையே கண்டேன். மிச்சம் 43ம் வரவில்லை, கழுத்துக் கறுத்து, பிடித்த கையிலேயே முறிந்தன. பிறகு ஒவ்வொரு வரவையிலும் 100 கதிர் எண்ணினேன். கீழே உள்ள மூன்றிலும் வெளுத்தவை 41, 36, 29. இருபத்தொன்பது வந்த வரவை வாய்க்காலுக்குக் கிட்ட உள்ளது, இரண்டாம் தரம் யூரியா வீசும்போது அங்கே வரும் வழியில் மூடை முடிந்துவிட்டது. பாதிக்குத்தான் விழுந்தது. மற்ற இரண்டையும் விட அங்கே குறைவாக இருப்பதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மேல் வரவைக்கு நான் இரண்டாம் தரம் போடவே இல்லை. அங்கே இலையில் புள்ளி தேடித்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் பிரிவுப் போதனாசிரியர் ஒரு நல்ல மனுசி. கதிரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். அவர் எழுதித் தந்த மருந்தை அன்று பின்னேரமே மேல் வரவைக்கு அடித்தாயிற்று. காப்புறுதிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். ஒரு கதிரையும் கொண்டுவந்து காட்டினேன். இடது கையால் வாங்கி, கழுத்தைத் தடவிப் பார்த்து, "எரிபந்தம்" என்றார். பிறகு, "மேல் வரவை?" என்று கேட்டார். அடித்தாயிற்று என்றேன். தலையை ஆட்டினார். ஒளித்து வைத்திருந்த நாட்களை நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதில்: வட்டைக்காரன் (சம்மாந்துறை)

அல்ஹம்துலில்லாஹ். வெட்டும்போது மேல் வரவையை முதல் வெட்டுங்க தங்கச்சி, கீழ் வரவையைப் பிறகு. மெசினுக்குள் கிடக்கிற பதரும் அரைமணியும் நல்ல நெல்லோடு கலந்தால் மில்லில் முழு லோட்டுக்கும் விலையைக் குறைப்பார்கள். மூடையிலும் அடையாளம் போட்டு வையுங்க.

பதில்: திருக்கோவில் தம்பி

இடையில் ஒரு சின்னக் கேள்வி. எங்கள் வயலில் கதிரில் மணிக்குப் பதிலாக மஞ்சள் உருண்டை மாதிரி வருகிறது, தொட்டால் மா போல ஒட்டுகிறது, சிலது கரும்பச்சையாகிவிட்டது. அது வந்தால் விளைச்சல் கூடும் என்று அம்மம்மா சொல்கிறார். இதுவும் எரிபந்தமா?

பதில்: பழைய போதனாசிரியர்

இல்லைத் தம்பி, அது வேறு பங்கசு. பூக்கிற நேரத்தில் மழையும், பசளை கூடின செழிப்பான பயிரும் சேர்ந்தால் வரும். செழித்த வயலில் வருவதால்தான் பழைய ஆட்கள் அதை நல்ல சகுனம் என்றார்கள். ஒரு கதிரில் ஒன்றிரண்டு மணிதான் போகும். அந்த வயலில் விதைநெல் மட்டும் எடுக்க வேண்டாம்.

பதில்: நவகிரிப் பிள்ளை (ஒரு மாதம் கழித்து)

வெட்டி முடிந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். பொங்கலுக்குப் பிறகு பெய்த மழையில் மேல் வரவையும் போய்விடுமோ என்று நித்திரை இல்லை. இரண்டாம் தரம் மருந்து அடிக்க மழை விட்ட ஒரு பின்னேரம் கிடைத்தது. அங்கே 100 கதிரில் 5 தான் கழுத்துக் கறுத்தது.

மேல் வரவை ஒன்றேகால் ஏக்கரில் 33 மூடை. கீழ் வரவை ஒன்றேமுக்கால் ஏக்கரில் 19 மூடை, அதுவும் தூக்கினால் பாரம் இல்லாத மூடை. அப்பா களவெட்டிக்கு (நெற்களத்துக்கு) வரவேண்டும் என்று நின்றார். மாமா முச்சக்கரவண்டியில் கொண்டுவந்து இருத்தினார். இரண்டு குவியலிலும் ஒவ்வொரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தார். கீழ் வரவை நெல்லில் பாதி பறந்தது.

சிறுபோகத்துக்கு இரண்டு விசயம் கேட்க வேண்டும். கீழ் வரவை வைக்கோலை என்ன செய்வது? எரித்துவிடு என்கிறார்கள் பலர். விதைநெல்லை மேல் வரவையில் இருந்து எடுக்கலாமா?

பதில்: பழைய போதனாசிரியர்

33 மூடை என்று வாசிக்க மனம் நிறைந்தது மகள்.

வைக்கோலை எரிக்க வேண்டாம். காய்ந்த வைக்கோலில் அந்தப் பங்கசு உயிரோடு இருக்கும் என்பது உண்மை, அதனால் வரம்பில் குவித்து வைப்பதும் கூடாது. ஆனால் நெல் மண்ணில் இருந்து எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கும் சிலிக்காவும் அதற்குள்தான் இருக்கின்றன. சிலிக்கா ஏறிய இலையின் தோல் தடித்திருக்கும், அந்த ஊசி இறங்கக் கஷ்டப்படும். வைக்கோலைப் பரப்பி, முதல் தண்ணீர் வந்ததும் உழுது மடக்கி, விதைப்புக்கு முன் நன்றாக உக்கவிடுங்கள். ஈரமண்ணுக்குள் உக்கினால் பங்கசும் அழியும். மில்லில் உமிச்சாம்பல் கிடைத்தால் கீழ் வரவைக்கு வீசுங்கள்.

விதைநெல் இந்த முறை உங்கள் வயலில் இருந்து வேண்டாம், மேல் வரவையாக இருந்தாலும். அத்தாட்சிப்படுத்திய விதை வாங்குங்கள். கீழ் வரவைக்கு வேறு இனம் மாற்றிப் பாருங்கள். எரிபந்தத்தைத் தாங்கும் இனங்களில் இப்போது எது உங்கள் பக்கத்துக்குச் சரி என்று சம்மாந்துறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். என் அப்பா காலத்தில் எச் 4 விதைத்தார்கள். 1958இல் வந்த சிவப்பு நெல். எரிபந்தத்தைத் தாங்கியது, ஆனால் உயரமான பயிர், யூரியா கூடினால் சாய்ந்துவிடும். சாய்கிற பயத்திலேயே அளவாகப் போட்டார்கள். இப்போதைய குட்டைப் பயிர் சாயாது, அதனால் கை கூடிவிடுகிறது.

யூரியா போடும் நாளில் இலை நிற அட்டையை, பச்சை நிறங்கள் வரிசையாக இருக்கும் அந்த அட்டையை, இலையோடு வைத்துப் பாருங்கள். உங்கள் போதனாசிரியரிடம் இருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு பயிர் மஞ்சளித்தால் ஒரு தரம், அளவோடு போட்டுவிட்டுப் புது இலை விரியும்வரை பொறுத்திருங்கள்.

பதில்: நவகிரிப் பிள்ளை

சரி ஐயா. அட்டை கேட்டு வாங்கிவிட்டேன். அப்பாவுக்குக் காட்டினேன், அதில் நாலாவது பச்சையில் விரலை வைத்து, "இதுக்கு மேலே வேண்டாம்" என்றார். முழு வசனமாகவே சொன்னார். வைக்கோலை இன்றைக்குப் பரப்பத் தொடங்கியிருக்கிறோம்.